26 இன்ச் என்றால் எந்த 26? சைக்கிள் வீலையும் பிரேமையும் சரியாக அளப்பது எப்படி

கடைக்குப் போய் “26 இன்ச் டயர் ஒண்ணு குடுங்க” என்று கேட்டால், தொழில் தெரிந்த கடைக்காரர் உடனே எடுத்து நீட்ட மாட்டார். “என்ன வண்டி? லேடீஸ் சைக்கிளா, கியர் வண்டியா?” என்று கேட்பார். 26 இன்ச் என்ற பெயரில் வரும் டயர்களில் ஒன்றுக்கொன்று துளியும் பொருந்தாத வகைகள் குறைந்தது மூன்று உண்டு. பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஒன்று டயர் ரிம்மில் ஏறவே ஏறாது, இல்லாவிட்டால் லொட லொடவென்று ஏறி, காற்றடித்ததும் கழன்று வெடிக்கும்.

பிரேம் விஷயத்திலும் இதே குழப்பம்தான். “22 இன்ச் சைக்கிள்” என்று ஒருவர் சொல்வது பிரேமை. “20 இன்ச் சைக்கிள்” என்று இன்னொருவர் சொல்வது பிள்ளைகள் வண்டியின் வீலை. இரண்டையும் ஒரே அளவுகோலாக நினைத்துக்கொண்டு இணையத்தில் ஆர்டர் போடுபவர்கள் ஏராளம். அதனால் முதலில் வீலைப் பார்த்துவிட்டுப் பிரேமுக்கு வருவோம்.

இன்ச் எண் எதைச் சொல்கிறது?

டயரில் எழுதியிருக்கும் 26, 28 எல்லாம் ரிம்மின் அளவு அல்ல. காற்றடித்த டயரின் வெளிவிட்டம், அதுவும் ஒரு குறிப்பிட்ட தடிமனுள்ள டயருக்கு. டயரின் ஓரத்தில் ஒரு கம்பி வளையம் இருக்கிறதே, அது ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. அதை மி.மீ.யில் சொல்வார்கள். டயர் மெலிந்தால் ரிம் பெரிதாக இருக்கும், டயர் தடித்தால் ரிம் சிறிதாக இருக்கும். வெளிவிட்டம் மட்டும் மாறாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 26 இன்ச் என்பது 660 மி.மீ. லேடீஸ் சைக்கிளில் வரும் 26 × 1⅜ டயருக்கு ரிம் அளவு 590. அதோடு இரண்டு பக்கமும் 35 மி.மீ. டயர் உயரத்தைக் கூட்டினால் 660. 26 × 1½ டயருக்கு ரிம் 584, இரண்டு பக்கமும் 38 மி.மீ. கூட்டினால் அதே 660. மவுன்டன் பைக்கில் வரும் 26 × 2.0 டயருக்கு ரிம் 559, இரண்டு பக்கமும் 51 மி.மீ. கூட்டினால் 661. மூன்றும் ‘26 இன்ச்’தான். ஆனால் ரிம் மூன்றும் வேறு வேறு.

ரோட்ஸ்டர் எனப்படும், பார் வைத்த பெரிய கறுப்பு சைக்கிளின் 28 × 1½ டயரும் இப்படித்தான். ரிம் 635, இரண்டு பக்கமும் 38, மொத்தம் 711 மி.மீ., அதாவது 28 இன்ச். இப்போது புதிதாக வரும் 29 இன்ச் மவுன்டன் பைக்கின் ரிம்மோ 622தான். பழைய 28 இன்ச் சைக்கிளின் ரிம், புதிய 29 இன்ச் ரிம்மைவிட 13 மி.மீ. பெரியது. 28-ஐவிட 29 பெரியது என்று நினைத்து “இழுத்துப் போட்டுக்கலாம்” என வாங்கியவர்கள் ஏமாந்தது இங்கேதான். 29 இன்ச் என்ற பெயர், 2.25 இன்ச் தடித்த டயரைப் போட்ட பிறகு கிடைக்கும் வெளிவிட்டம்.

டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

ஈரத் துணியால் டயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாக, ரப்பரை ஒட்டினாற்போல் அடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது, சாய்த்து அடித்தால் நிழல் விழுந்து தேய்ந்த எண்ணும் எழும்பி வரும். டயரைச் சுற்றிக்கொண்டே வந்தால் “40-635” என்பது போல் நடுவில் கோடு போட்ட இரண்டு எண்கள் கிடைக்கும். பக்கத்திலேயே “28 × 1½” என்றும் இருக்கலாம். கோடு போட்ட எண்தான் ஐ.எஸ்.ஓ. 5775 என்ற சர்வதேச முறை. முன்னால் உள்ளது காற்றடித்த டயரின் அகலம், பின்னால் உள்ள மூன்று இலக்கம் ரிம்மில் கம்பி உட்காரும் விட்டம். டயர் வாங்கும்போது அந்த மூன்று இலக்கம் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஒரு மி.மீ.கூட விட்டுக்கொடுக்க முடியாது. முன் எண்ணில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம்.

பெரும்பாலும் கண்ணில் படுபவை இவை:

635 – 28 × 1½, பெரிய ரோட்ஸ்டர்
630 – 27 × 1¼, பழைய ரேஸ் வகை வண்டி
622 – 700சி, 29 இன்ச், சில ஹைபிரிட் வண்டிகளில் 28 இன்ச் என்றும் இருக்கும்
590 – 26 × 1⅜, 650ஏ
584 – 26 × 1½, 650பி, 27.5 இன்ச்
559 – 26 × 1.50, 1.75, 1.95, 2.0, 2.1 எனப் புள்ளி வைத்து எழுதியவை
507 – 24 இன்ச் மவுன்டன் வகை
451 – 20 × 1⅛, 20 × 1⅜
406 – 20 × 1.75, 2.0, 2.125, பிள்ளைகள் வண்டி, பி.எம்.எக்ஸ், பல மடிக்கும் சைக்கிள்கள்
305 – 16 × 1.75 முதலியவை
203 – 12½ × 2¼

இந்தப் பட்டியலில் ஓரிடத்தில் நின்று பாருங்கள். 26 × 1½ என்பது 584. 26 × 1.50 என்பது 559. பள்ளிக்கூடக் கணக்கில் ஒன்றரையும் 1.50-ம் ஒன்றுதான், சைக்கிள் டயரில் அவை இரண்டு வேறு ரிம். பின்னத்தில் எழுதினால் ஒரு குடும்பம், தசமத்தில் எழுதினால் இன்னொரு குடும்பம். 20 இன்ச்சிலும் அதே கதை: 20 × 1⅜ என்பது 451, 20 × 1.75 என்பது 406. வித்தியாசம் 45 மி.மீ. போனில் ஆர்டர் சொல்லும்போது “ஒன்றரை” என்று வாயால் சொன்னால் தப்பான டயர் வருவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. மூன்று இலக்கத்தைச் சொல்லுங்கள், அல்லது டயரைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

700சி என்பதில் வரும் ‘சி’ பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர்கள் 700 மி.மீ. வெளிவிட்டம் வருகிற மாதிரி ஏ, பி, சி, டி என்று ரிம்களுக்குப் பெயர் வைத்தார்கள். ஏ 642, பி 635, சி 622, டி 587. நம் 28 × 1½ ரிம்தான் அந்த 700பி. ஆக, சி என்பது ரிம்மின் பெயர், டயரின் அகலம் அல்ல. டயரில் 700 × 32சி என்று போட்டிருந்தால் அகலம் 32 மி.மீ., ரிம் 622. அவ்வளவுதான்.

எண் அழிந்துபோய்விட்டால்

பழைய வண்டி, டயரில் எழுத்தே இல்லை. அல்லது வேறு யாரோ தப்பான டயரைத் திணித்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம். அப்போது ரிம்மையே அளக்க வேண்டும்.

டயர், டியூப், ரிம் நாடா எல்லாவற்றையும் கழற்றுங்கள். ரிம்மின் உட்புறத்தைக் கவனித்தால் ஓரத்தில் மேலெழும்பிய விளிம்பு, அதை ஒட்டிக் குறுகலான ஒரு திட்டு, நடுவில் பள்ளம் என்று மூன்று தட்டு தெரியும். டயரின் கம்பி உட்காருவது அந்தத் திட்டில். அதன் சுற்றளவுதான் நமக்கு வேண்டும். அட்டைப்பெட்டிகளைக் கட்டி வருகிற பிளாஸ்டிக் பேக்கிங் பட்டை இதற்கு மிக நல்ல கருவி. அது இழுத்தாலும் நீளாது. 5 மி.மீ. அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, அந்தத் திட்டின் மேல் ஒரு சுற்று சுற்றி, முனை சந்திக்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். எடுத்துத் தரையில் நேராக விரித்து, இரும்பு டேப்பால் அளந்து 3.1416-ஆல் வகுங்கள்.

சுற்றளவு 1995 மி.மீ. வந்தால் 635. 1954 என்றால் 622. 1854 என்றால் 590, 1835 என்றால் 584, 1756 என்றால் 559. 20 இன்ச்சில் 1417 வந்தால் 451, 1275 வந்தால் 406. 584-க்கும் 590-க்கும் விட்டத்தில் 6 மி.மீ.தான் வித்தியாசம், சுற்றளவில் அது 19 மி.மீ. ஆகிறது. அதனால்தான் விட்டத்தை நேராக அளப்பதைவிடச் சுற்றி அளப்பது நம்பகமானது. பட்டையில் 3 மி.மீ. பிசகினாலும் விட்டத்தில் 1 மி.மீ.தான் பிசகும். சணல், நூல் கயிறு வேண்டாம். கையின் இழுப்புக்கு ஏற்ப நீண்டு, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் தரும்.

டயரைக் கழற்ற வழியில்லை என்றால் இன்னொரு குறுக்கு வழி. ரிம்மின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை விட்டம் பார்த்து அதிலிருந்து ஏறக்குறைய 12 மி.மீ. கழியுங்கள், இரு பக்க விளிம்பும் தலா 6 மி.மீ. என்ற கணக்கு. டேப்பைக் குறுக்கே நீட்டினால் நடுவில் அச்சு முட்டிக்கொண்டு டேப் வளையும், எண் கூடிவிடும். அதனால் அச்சின் மையத்திலிருந்து மேல் விளிம்பு வரை ஒரு தடவை, கீழ் விளிம்பு வரை ஒரு தடவை அளந்து கூட்டுங்கள். 634 வந்தால் 622, 647 வந்தால் 635. ஆனால் 596-ஆ 602-ஆ என்று இழுபறியாக வந்தால் இந்த முறையை நம்பக் கூடாது. டயரைக் கழற்றிப் பட்டை சுற்றித்தான் ஆக வேண்டும்.

தப்பான டயர் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 584 டயரை 590 ரிம்மில் ஏற்ற, லீவரை வைத்து நெம்பினால் ஓரக் கம்பி முறுக்கிக்கொள்ளும், சில நேரம் அறுந்துவிடும். அறுந்த கம்பியோடு காற்றடித்தால் அந்த இடத்தில் டியூப் பலூன் மாதிரி பிதுங்கும். அதற்கு நேர்மாறாக 635 டயரை 622 ரிம்மில் போட்டால் கையாலேயே சுலபமாக ஏறும். அந்தச் சுலபத்தைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். அது ஆபத்தின் அறிகுறி. காற்று ஏற ஏற டயர் ஒரு பக்கம் நழுவி, விளிம்பைத் தாண்டி டியூப் வெளியே வந்து வெடிக்கும். முன் வீலில், இறக்கத்தில் இது நடந்தால் ஓட்டுபவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சரியான டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு அடையாளம் டயரிலேயே உண்டு. ரிம்முக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் மெல்லிய வரி ஒன்று சுற்றிலும் ஓடும். பாதிக் காற்று அடித்துவிட்டு வீலைச் சுழற்றிப் பாருங்கள். அந்த வரி ரிம் விளிம்பிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்தோ, வெளியே எழும்பியோ இருந்தால் காற்றை இறக்கிவிட்டு, வால்வ் பக்கத்திலிருந்து இரண்டு கையாலும் டயரைப் பிசைந்து சரிசெய்து மறுபடி அடியுங்கள்.

டியூப், ரிம் அகலம், துளை

டியூப் ரப்பர், இழுபடும். அதனால் டயர் அளவுக்கு இருக்கும் கண்டிப்பு இதற்குக் கிடையாது. 622-க்கான டியூப் 635-இல் அடங்கும். கொஞ்சம் சிறிய டியூப் பரவாயில்லை, பெரிய டியூப் வேண்டாம். பெரியது உள்ளே மடிந்து, மடிந்த இடத்தில் உரசி ஓட்டை விழும். வால்வைக் கவனியுங்கள்: வால்டியூப் போட்ட பழைய வகையும், பைக், கார் வகை வால்வும் 8 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலான துளையுள்ள ரிம்மில் போகும். ரேஸ் வண்டியின் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான ரிம்மில் துளை 6.5 மி.மீ.தான்.

ரிம்மின் உள் அகலத்தை வெர்னியர் காலிப்பரால், இரு விளிம்புகளின் உட்பக்கம் வைத்துப் பாருங்கள். ரிம்மில் “622 × 19” என்று இருந்தால் அந்த 19 உள் அகலம். டயர் அகலம் அதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை இருப்பது நல்லது. 19-க்கு 28 முதல் 40 மி.மீ. வரை சுகமாகப் போகும். குறுகிய ரிம்மில் மிகத் தடித்த டயர் போட்டால் வளைவில் டயர் அலையும். அகல ரிம்மில் மெல்லிய டயர் போட்டால் குழியில் விழும்போது ரிம் விளிம்பே தரையில் இடிக்கும்.

தடித்த டயர் ஆசை உள்ளவர்கள் முதலில் பிரேமில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் வீலைத் தாங்கும் ஃபோர்க்கின் தலைக்குக் கீழே, பிரேக்குக்குக் கீழே, பெடல் மாட்டிய கிராங்க் பக்கத்தில் பின் குழாய்கள் நெருங்கும் இடத்தில், மட்கார்டுக்குள். இதில் எது மிகக் குறுகலோ அங்கே டயருக்கு இருபுறமும் குறைந்தது 4 மி.மீ. வேண்டும். மழைக்காலத்தில் களிமண் பாதையில் போகிறவர்களுக்கு அதுவும் போதாது, 6 மி.மீ. வையுங்கள். சேறு அடைத்தால் வீல் நின்றுவிடும்.

ரிம் மாற்றும்போது இன்னும் இரண்டு விஷயம். துளைகளை எண்ணுங்கள். பெரிய ரோட்ஸ்டரில் வழக்கமாக முன் ரிம்முக்கு 32, பின் ரிம்முக்கு 40 ஸ்போக்ஸ். கியர் வண்டிகளில் இரண்டுக்கும் 36 அல்லது 32 என்று வரும். வீலின் நடுவில் உள்ள ஹப்பின் துளையும் ரிம்மின் துளையும் ஒத்துப்போகாவிட்டால் வீல் கட்ட முடியாது. அடுத்தது பிரேக். கம்பி பிரேக் வைத்த ரோட்ஸ்டரில் பிரேக் கட்டை ரிம்மின் அடிப்புறத்தில் அமுங்கும். அதற்கென்றே இருபக்கமும் வளைந்த வெஸ்ட்வுட் வகை ரிம். அதைக் கழற்றிவிட்டு நவீன அலுமினிய ரிம் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், பிரேக் கட்டைக்கு அமுங்க இடம் இருக்காது. ரிம்மை இரு பக்கவாட்டிலும் கவ்வும் காலிப்பர் பிரேக் உள்ள வண்டியில் 635-ஐ 622 ஆக மாற்றினால் பிரேக் கட்டை 6.5 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக்கின் நீள் துளையில் அந்த அளவு இடம் மிச்சம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

பிரேமை எங்கிருந்து எங்கே அளப்பது

பிரேம் அளவு என்று சொல்லப்படுவது சீட் குழாயின் நீளம். கிராங்க் சுழலும் அச்சின் மையத்தில் டேப்பை வைக்க வேண்டும், கடையில் பி.பி. ஆக்சில் என்பார்களே, அது. அங்கிருந்து சீட் குழாயை ஒட்டியே மேலே போக வேண்டும். குழாய் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் 2 செ.மீ.யாவது குறைந்துபோகும்.

மேலே எங்கே நிறுத்துவது என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. சிலர் சீட் குழாயின் மேல் முனை வரை அளக்கிறார்கள், சிலர் பாரின் மையக்கோடு சீட் குழாயைச் சந்திக்கும் இடம் வரை. ஒரே பிரேமில் இந்த இரண்டுக்கும் 1 முதல் 2 செ.மீ. வித்தியாசம் வரும். அதனால் இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது இரண்டையும் நீங்களே ஒரே முறையில் அளந்து ஒப்பிடுங்கள். 18 இன்ச் என்பது 45.7 செ.மீ., 20 என்பது 50.8, 22 என்பது 55.9, 24 என்பது 61.

பழைய ரோட்ஸ்டரில் பார் தரைக்கு இணையாக இருக்கும், அதனால் இந்த ஒரே எண் ஓரளவு எல்லாவற்றையும் சொல்லிவிடும். இப்போதைய வண்டிகளில் பார் சரிந்து இறங்குகிறது, சீட் குழாய் குட்டையாகிவிட்டது. எனவே 17 இன்ச் பிரேம் ஒன்று 19 இன்ச் பிரேமைவிட நீளமாக இருக்கக்கூடும். எஸ், எம், எல் என்ற எழுத்துகளுக்குப் பொது அளவே கிடையாது. உட்கார்ந்த பிறகு உடம்பு உணர்வது சீட்டுக்கும் ஹேண்டில் பாருக்கும் இடையிலான தூரத்தைத்தான். அதை அளக்க, ஹேண்டிலின் தண்டு நுழையும் ஹெட் குழாயின் மேல் மையத்திலிருந்து தரைக்கு இணையாக ஒரு கயிற்றைப் பின்னோக்கி இழுத்து, சீட்டைத் தாங்கும் சீட் பில்லரின் மையத்தைத் தொடும் வரை நீளம் பாருங்கள். கயிறு மட்டமாக இருக்கிறதா என்பதற்கு கொத்தனாரிடம் உள்ள ரசமட்டம் போதும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமானால், பின் டயர் சுவரில் முட்டும்படி வண்டியை நேராக நிறுத்தி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுவரிலிருந்து கிராங்க் அச்சு மையம் எவ்வளவு தூரம், ஹெட் குழாயின் மேல் மையம் எவ்வளவு தூரம் என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் குறித்து அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ‘ரீச்’. தரையிலிருந்து அதே இரண்டு புள்ளிகளின் உயர வித்தியாசம் ‘ஸ்டாக்’. கம்பெனி இணையதளங்களில் வரும் அளவு அட்டவணையில் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான். இப்போது ஓட்டும் வண்டி உடம்புக்குச் சுகமாக இருந்தால் அதன் ரீச், ஸ்டாக் இரண்டையும் குறித்துக்கொண்டு புதியதைத் தேடுங்கள். வேறு எந்தச் சூத்திரத்தையும்விட இது கைகொடுக்கும்.

உங்கள் கால் அளவு

ஆள் உயரத்தைவிடக் கால் நீளம் முக்கியம். பேண்ட் லேபிளில் உள்ள எண் வேண்டாம். வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து, பாதங்களை 15 செ.மீ. அகற்றி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்குங்கள். புத்தகத்தின் ஒரு விளிம்பு சுவரோடு ஒட்டியிருக்கட்டும், அப்போதுதான் சாயாது. அதன் மேல் விளிம்பை இன்னொருவர் சுவரில் குறிக்கட்டும். தரையிலிருந்து அந்தக் குறி வரை செ.மீ.யில். மூன்று தடவை செய்து நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

78 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். ரோடு பைக்குக்கு 0.65-ஆல் பெருக்கினால் 50.7, அதாவது மையம் முதல் மையம் வரை 51 செ.மீ. பிரேம். பார் மட்டமாக உள்ள பிரேமுக்குத்தான் இது நேராகப் பொருந்தும். மவுன்டன் பைக்குக்கு செ.மீ.யை 0.225-ஆல் பெருக்கினால் இன்ச்சில் வரும்: 17.5. இந்த எண்கள் தேடலைத் தொடங்க உதவும். முடிவு செய்வது வண்டியின் மேல் ஏறி நின்று பார்த்த பிறகுதான்.

பார் உள்ள எந்த வண்டியிலும் இரண்டு பாதமும் தரையில் பட, பாரின் மேல் கால் போட்டு நின்றால் இடையில் 2 முதல் 5 செ.மீ. இடைவெளி வேண்டும். கரடுமுரடான பாதைக்கு 5-க்கும் மேல். 22 இன்ச் ரோட்ஸ்டரின் பார் தரையிலிருந்து ஏறக்குறைய 80 செ.மீ. உயரத்தில் இருக்கும். நம் 78 செ.மீ. காலுக்கு அது எட்டாது. திடீரென்று நிறுத்திக் குதித்து இறங்கினால் பாரில்தான் அடி விழும். அந்தக் கால் அளவு உள்ளவருக்கு 20 இன்ச் பிரேம்தான் சரி. ரோட்ஸ்டரில் ஹேண்டிலும், அதைத் தாங்கும் ஸ்டெமும் ஒரே உருப்படி, முன்பின் மாற்ற முடியாது. கியர் வண்டியில் ஸ்டெமை மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. சமாளிக்கலாம். அதனால் ரோட்ஸ்டர் வாங்குபவர் பிரேம் அளவில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

சீட் உயரத்துக்கு, டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு ஒன்று உண்டு. கால் அளவை 0.883-ஆல் பெருக்க வேண்டும். 78-க்கு 68.9 செ.மீ. கிராங்க் அச்சு மையத்திலிருந்து சீட் குழாயின் போக்கிலேயே சீட்டின் மேல்பரப்பு வரை. சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். சுமை கட்டிக்கொண்டு, நின்று நின்று போகிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்து 2, 3 செ.மீ. இறக்கி வைத்துக்கொள்வதே சரி. காய்கறி மூட்டையோடு சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் போவதைவிட முட்டி கொஞ்சம் மடங்குவது மேல்.

சீட் பில்லரில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு குழாய்க்குள் மறைந்தே இருக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு வைக்கும்போது கோடு வெளியே தெரிந்தால் பிரேம் உங்களுக்குச் சிறியது. பில்லர் முழுக்க இறங்கியும் கால் எட்டவில்லை என்றால் பெரியது. பார் இல்லாத லேடீஸ் சைக்கிளில் ஏறி நின்று பார்க்கும் சோதனை வேலைக்கு ஆகாது. அங்கே இந்தப் பில்லர் சோதனையும், கை நீட்டும் தூரமும்தான் வழி.

பிள்ளைகளுக்கு

பிள்ளைகள் வண்டியை 12, 14, 16, 20, 24 என்று வீல் அளவில் விற்கிறார்கள், ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரே பிரேம்தான். பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் கால் நீளத்தில் 10 செ.மீ. வித்தியாசம் இருக்கும். குழந்தையின் கால் அளவை எடுத்துக்கொண்டு போய், வண்டியின் சீட்டை முழுக்க இறக்கி, தரையிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அளங்கள். முதன்முதலில் ஓட்டக் கற்கும் குழந்தைக்கு அந்த உயரம் கால் அளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும், இரண்டு பாதமும் தட்டையாக ஊன்றணும். நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு முன்பாதம் பட்டால் போதும்.

“வளர்ற புள்ளதானே, ஒரு சைஸ் பெருசா எடுத்துடலாம்” என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சு. செருப்பில் அது செல்லும், சைக்கிளில் செல்லாது. வீட்டில் ஒரே ஒரு பெரிய சைக்கிள் இருந்த காலத்தில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றார்கள் என்பது உண்மைதான், அன்றைக்குத் தெருவில் வண்டி குறைவு. இன்றைக்குப் பெரிய வண்டியில் ஏற்றிவிட்டால் கால் எட்டாதது ஒரு பக்கம், பிரேக் லீவரும் பிஞ்சு விரலுக்கு எட்டாது. லீவரின் உட்புறத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும், அதைத் திருகினால் லீவர் ஹேண்டிலை நோக்கி நெருங்கி வரும். அது இல்லாத வண்டி என்றால் வாங்கும் முன் குழந்தையை லீவரைப் பிடித்து அழுத்தச் சொல்லிப் பாருங்கள். பிடிக்க முடியாவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

பழைய வண்டி வாங்குவதானால்

அளவு சரியாக இருந்தும் பிரேம் கோணலாக இருந்தால் பயனில்லை. ஒரு நீளக் கயிற்றைப் பின் அச்சு மாட்டும் இடது முனையில் கட்டி, முன்னால் ஹெட் குழாயைச் சுற்றி, மறுபக்கம் வலது முனைக்கு இழுத்து இறுக்கமாகக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் கயிற்றுக்கும் சீட் குழாய்க்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். இரண்டும் 1 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருந்தால் நல்லது. 4, 5 மி.மீ. என்று போனால் பின்பக்கம் இடி வாங்கிய வண்டி. வீலுக்கு எத்தனை தடவை கோட்டம் எடுத்தாலும் அது நேராக ஓடாது. ஹெட் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்துக்கு அடியில் விரலை ஓட்டுங்கள். பெயின்டில் சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டால் முன்பக்கம் எதிலோ மோதியிருக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

ஸ்பீடோமீட்டர் பொருத்துகிறவர்களுக்கு வீலின் சுற்றளவு தேவைப்படும். அதற்கு 28 × 3.14 என்று கணக்குப் போடாதீர்கள். ஆள் ஏறியதும் டயர் அமுங்கும். வழக்கமாக வைக்கும் காற்றை அடித்து, முன் வீலின் வால்வ் சரியாகக் கீழே இருக்கும்படி வைத்துத் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். வண்டியில் உட்கார்ந்து, மற்றொருவர் பிடித்துக்கொள்ள, மூன்று சுற்று நேராக உருட்டி மறுபடி வால்வ் கீழே வந்ததும் கோடு போட்டு, நீளத்தை மூன்றால் வகுத்து மி.மீ.யில் மீட்டரில் பதியுங்கள். 28 × 1½ டயருக்கு ஏட்டுக் கணக்கு 2234 மி.மீ., உருட்டி அளந்தால் அதைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். காற்றழுத்தத்தை மாற்றினால் திரும்ப ஒரு தடவை உருட்டிப் பார்த்துவிடுங்கள்.